முதலை உண்டதும் மீண்டதும்

'முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா' என்பது தமிழர் பழமொழி. ஆயினும் தமிழர் வழிவழியாகச் சொல்லிவந்த முதலைக் கதைகளை எடுத்துப் பார்த்தால், கொண்டதை முதலை விட்டுவிடும் கதைகளே பெயர் பெற்று நிற்கின்றன. அவிநாசி மடுவில் அது விழுங்கிய பிள்ளையைத் திருப்பித் தருகின்றது. திரிகூட மலைத் தடாகத்தில் யானையின் காலைப் பற்றியது, முடிவில் அந்தக் காலை விடுகின்றது. காலடியில் ஆற்றில் நீராடிய சிறுவர் சங்கரரைக் கவ்விய முதலை, மகனது துறவுக்கு அன்னை இசைந்த அளவில் வாய் திறந்துவிடுகின்றது. பழமொழியைத் தந்தது பட்டறிவு. கதைகளைத் தந்தது ஏக்கம் எனலாம். போனது போனதுதானா, மீட்க ஒரு வழியும் இல்லையா என்னும் ஏக்கம் அது.

இக்கதைகளை மனத்திற்கொண்டு, கடந்த நூறாண்டுக் காலத் திரைப்படங்களில் வந்துபோன முதலைகளை ஒருமுறை பார்வையிட்டால் ஒரு செய்தி புலனாகின்றது. முதலை மனிதரைத் தின்னும் படங்கள் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவற்றின் பெயரே இன்று யாருக்கும் நினைவில்லை. முதலை வாய்ப்பட்டது மீண்டு வரும் படங்களோ தலைமுறை கடந்தும் பேசப்படுகின்றன. மீண்டு வருவது சென்றபடியே வருவதும் இல்லை. இடையிற் கழிந்த காலத்தைச் சுமந்துகொண்டு, வேறு உருவில் வருகின்றது. அவிநாசிப் பிள்ளை அப்படித்தான் வந்தான். அமெரிக்கப் படங்களிலும் இந்திப் படங்களிலும் அவனை நாம் அடையாளம் காண முடியும் என்பதே இங்குச் சொல்ல வந்தது.

இது கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழருக்கு எட்டாத பொருள் அன்று. பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலில் தேவாரம் ஓதுவோருக்குச் சுந்தரர் பதிகம் பழக்கமானது. மலேசிய இந்து சங்கம் நடத்திவரும் திருமுறை ஓதும் விழாக்களில் சிறுவர் சிறுமியரும் அப்பதிகங்களைப் பண்ணுடன் பாடப் பயில்கின்றனர். கிள்ளானில் 1892-ஆம் ஆண்டில் எழுந்த சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குச் செல்வோர் யானைக்கு அருளிய திருமாலின் கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள். அதே குடும்பங்கள்தாம், முன்பு பத்து ரோடு என்றும் இன்று ஜாலான் துவாங்கு அப்துல் ரகுமான் என்றும் வழங்கும் வீதியில் 1920-களின் தொடக்கத்திலிருந்து நிற்கும் கொலீசியம் அரங்கில் தமிழ்ப் படமும் இந்திப் படமும் பார்த்தவை. கதாகாலட்சேபத்துக் காதும் சினிமாக் கண்ணும் நம்மிடத்தில் ஒருவருக்கே உரியவை. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில் பிழை இல்லை.

பெயர்களைப் பற்றி முதலில் ஒரு சொல். குறிஞ்சிப்பாட்டில், வெள்ளம் பெருகிய ஆற்றின் சுழியில் திரியும் உயிர்களாக முதலை, இடங்கர், கராம் ஆகிய மூன்றையும் கபிலர் அடுத்தடுத்து வைக்கின்றார். உரைகாரர்கள் இவற்றை முதலையின் வகைகள் என்பர். இந்தியாவில் இன்று வாழும் முதலை இனங்களும் மூன்றே: நன்னீரில் வாழ்வது, உவர்நீரில் வாழ்வது, நீண்ட மூக்குடைய கரியால். மூன்றுக்கு மூன்று சரியாகப் பொருந்திவிட்டது என்று மகிழ்வோரும் உண்டு. கரியால் வடநாட்டு ஆறுகளுக்கு உரியதாகையால் எனக்கு அதில் ஐயம் உண்டு. மலாய்க்காரரும் புவாயா தெம்பாகா, புவாயா காத்தாக், புவாயா ஜெஜூலோங் எனப் பெயர் பிரித்து வழங்குவர். செம்பு நிறம், தவளை உடல், நீண்ட மூக்கு ஆகியவற்றால் வந்த பெயர்கள் இவை. ஆற்றோடு பழகிய மக்கள் முதலைக்கு ஒரே பெயரோடு நிற்பதில்லை என்பதற்கு இரு மொழிகளும் சான்று. அமெரிக்காவிலும் சீனாவிலும் மட்டும் வாழும் அலிகேட்டர் என்னும் இனத்துக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை. அதன் மூக்கு அகன்றது. வாய் மூடியிருக்கும்போது கீழ்ப்பற்கள் வெளித் தோன்றுவதில்லை. சினிமாக்காரர்கள் இந்த வேறுபாட்டைப் பெரிதாகப் பாராட்டுவதில்லை; நாமும் இங்கு இரண்டையும் முதலை என்றே வழங்குவோம்.

இனி அவிநாசிக்கு வருவோம். சுந்தரர் சேரமான் பெருமாளைக் காணச் செல்லும் வழியில் திருப்புக்கொளியூர் அவிநாசியை அடைகின்றார். அவர் சென்ற வீதியில் இரண்டு வீடுகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றில் உபநயன மங்கல ஒலி கேட்கின்றது. மற்றொன்றில் அழுகை ஒலி கேட்கின்றது. காரணம் கேட்கின்றார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து மடுவில் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிற்று. தப்பிய பிள்ளைக்கு இன்று பூணூல் கலியாணம் என்று விடை வருகின்றது. எதிர்வீட்டு மேளம் ஒலிக்கும்போது, தம் மகன் இருந்திருந்தால் அவனுக்கும் இன்று இதே வயது, இதே சடங்கு என்று எண்ணாத பெற்றோர் உண்டோ? அழுகை எழுந்தது இழந்த நாளில் அன்று. ஆண்டுகள் கழிந்து, இழந்தவனுடைய வயது நினைவுக்கு வந்த நாளில்.

சுந்தரர் பதிகத்தில் இச்செய்தி ஒரு பாடலில் ஒரு வேண்டுகோளாக மட்டுமே நிற்கின்றது. வீதியும் வீடுகளும் இருவகை ஒலியும் சேக்கிழார் வாக்கில்தான் விரிவு பெறுகின்றன. அவர் காட்டும் மற்றொரு நுட்பம் என் நெஞ்சை விட்டு அகலாதது. பிள்ளையை இழந்த தாயும் தந்தையும் சுந்தரர் வந்திருக்கின்றார் என்று அறிந்ததும் முகமலர்ச்சியோடு வந்து வணங்குகின்றனர். "மகனை இழந்தவர் நீங்களா?" என்று அவர் கேட்கும்போது, அது முன்னே நடந்து முடிந்தது என்றும், உம்மைக் காணும் பேறே எமக்குப் பெரிது என்றும் கூறுகின்றனர். துயரத்தை மறைத்துக்கொண்டு விருந்தினரை எதிர்கொள்ளும் அந்த முகங்களைக் கண்டபின்தான் சுந்தரர் மடு எங்கே என்று வினவுகின்றார்.

பதிகத்தின் நான்காம் பாடல் முடியுமுன், காலன் அப்பிள்ளையின் உயிரை முதலையின் வயிற்றில் கொண்டுவந்து சேர்க்கின்றான். முதலை பிள்ளையைக் கரையில் தருகின்றது. இங்கே தமிழ்க் கதையின் தனிச்சிறப்பைக் காண்க. வந்தவன் ஐந்து வயதுக் குழந்தை அல்லன். இடையிற் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியையும் பெற்று வருகின்றான். அதனால்தான் அவனுக்கும் உடனே உபநயனம் செய்விக்க முடிகின்றது. வெறும் உயிர் மீட்சியோடு கதை அமைந்திருந்தால், எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் இவனுக்கும் இடையே வயது வேறுபாடு என்றும் நின்றிருக்கும். பெற்றோர் இழந்த ஆண்டுகள் இழந்தவையாகவே போயிருக்கும். அவிநாசியில் மீண்டவை உயிரும் ஆண்டுகளும் ஆகிய இரண்டும். பங்குனி உத்திரத்தை ஒட்டி முதலைவாய்ப் பிள்ளை உற்சவம் என்றே ஒரு விழா அங்கு நடைபெறுகின்றது.

யானையின் கதையிலும் காலம் உண்டு. பாகவதத்தின் எட்டாம் கந்தம், யானையும் முதலையும் ஆயிரம் ஆண்டு போராடின என்று கூறும். முற்பிறவியில் அந்த யானை இந்திரத்துய்மன் என்னும் பாண்டிய மன்னன். அகத்தியரை எதிர்கொண்டு வணங்காமையால் சாபம் பெற்றவன். முதலையோ ஊகூ என்னும் கந்தர்வன். தேவலர் சாபத்தால் அவ்வுரு எய்தியவன். திருமாலின் ஆழி பட்டதும் யானைக்கு மட்டும் அன்றி முதலைக்கும் விடுதலை கிடைக்கின்றது. கும்பகோணத்தை அடுத்த கபிஸ்தலத்தில் இக்கதை தங்கள் ஊரிலேயே நடந்ததென்று சொல்லிக் கஜேந்திர வரதரை வழிபடுகின்றனர். கதையில் முதலை வில்லன் அல்லன் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். அவனும் ஒரு கைதி.

கலைஞர்களுக்கு முதலையைக் காட்டுவதில் தொடக்கத்திலிருந்தே ஒரு தயக்கம் இருந்திருக்கின்றது போலும். உத்தரப் பிரதேசத்துத் தேவ்கடில் குப்தர் காலத்துத் தசாவதாரக் கோயில் ஒன்று உள்ளது. அங்குள்ள கஜேந்திர மோட்சச் சிற்பம் புகழ் பெற்றது. அதில் யானையின் காலைச் சுற்றியிருப்பது முதலை அன்று, நாகம்! பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழ்ச் சினிமாவும் அந்தச் சிற்பி சென்ற வழியே சென்றது. ஊமைப்படக் காலத்தில் சென்னையில் ரகுபதி பிரகாசா எடுத்த படங்களின் வரிசையில் 'கஜேந்திர மோட்சம்' என்ற பெயர் காணப்படுகின்றது. தென்னாட்டு ஊமைப்படங்களிற் பெரும்பாலானவற்றைப் போல அதுவும் இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கும் நிலையில் இல்லை. பேசும் படம் வந்தபின் பாம்புக்குக் கிடைத்த வாழ்வு முதலைக்குக் கிடைக்கவில்லை. ஏ. பி. நாகராசன் 1967-இல் எடுத்த 'திருவருட்செல்வர்' படத்தைப் பாருங்கள். சுந்தரர் வரலாற்றிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது திருமண வழக்கை. இறந்த பிள்ளை உயிர் பெறும் அற்புதத்துக்கு அவர் தேர்ந்தது, அரவு தீண்டிய அப்பூதியடிகள் மகனை அப்பர் எழுப்பிய நிகழ்ச்சியை. பாம்பு நடித்தது, பாட்டும் நின்றது. அவிநாசி முதலை படச்சுருளில் ஏறவில்லை.

இதற்குக் காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கின்றார்: ஆழ்ந்த நீரில் முதலை பிறவற்றை வெல்லும், நீரை விட்டு நீங்கினால் பிற உயிர்கள் அதனை வெல்லும். படப்பிடிப்பு நிலையம் என்பது நீரை விட்டு நீங்கிய இடம். பாம்பைப் பெட்டியில் கொண்டுவரலாம். பிடாரன் உடன் வருவான். யானைக்கும் புலிக்கும் பழக்குநர் உண்டு. தேவர் பிலிம்ஸ் படங்களில் எத்தனை விலங்குகள் சொன்னபடி கேட்டன! முதலையோ சொன்னதைச் செய்யாது; பெரும்பாலான நேரம் ஒன்றுமே செய்யாது. மணிக்கணக்கில் கல்லாகக் கிடந்துவிட்டு, கண்ணிமைக்கும் பொழுதில் பாயும் விலங்கைக் காமிராவுக்கு முன் எவ்வாறு நடிக்க வைப்பது?

மேல்நாட்டார் இதற்குப் பல வழிகளைக் கையாண்டனர். 1934-இல் வந்த 'டார்சன் அண்ட் ஹிஸ் மேட்' படத்தில் ஜானி வைஸ்முல்லர் நீருக்கடியில் கட்டிப்புரண்டது இயந்திர முதலையோடு. அக்காட்சி மிகவும் பிடித்துப்போகவே, பிற்பாடு வந்த டார்சன் படத்திலும் அதே சுருளை ஒட்டிவைத்தார்கள். ஒரே முதலையை ஒரே வீரன் இருமுறை கொன்ற புதுமை அது. அதற்கு முன்பே, 1932-இல், பிராங்க் பக் என்னும் அமெரிக்க விலங்கு வணிகர் நம் மலாயாக் காட்டை வைத்தே 'பிரிங் எம் பேக் அலைவ்' என்ற படத்தை உலகுக்குக் காட்டினார். மலைப்பாம்பும் முதலையும் அதில் போர் புரிகின்றன. அப்போர் தற்செயலாக நிகழ்ந்தது அன்று என்பதைக் காமிரா நிற்கும் இடமே சொல்லிவிடுகின்றது. மலாயாவின் ஆறுகளைப் பற்றி வெளிநாட்டார் கொண்ட எண்ணத்தில் இத்தகைய படங்களுக்கும் பங்கு உண்டு.

உண்மை முதலையை வைத்தே எடுத்த காட்சிகளுள் தலையாயது, 1973-ஆம் ஆண்டு ஜேம்ஸ் பாண்ட் படமான 'லிவ் அண்ட் லெட் டை'யில் வருவது. நீர் சூழ்ந்த திட்டில் அகப்பட்டுக்கொண்ட பாண்ட், வரிசையாகக் கிடக்கும் முதலைகளின் முதுகில் கால் வைத்து ஓடிக் கரையேறுகின்றார். கதை நடப்பது லூயிசியானாவில். எடுக்கப்பட்டது ஜமைக்காவில், ராஸ் கனாங்கா என்பவருடைய முதலைப் பண்ணையில். அத்துமீறி நுழைவோர் தின்னப்படுவர் என்று வாயிலில் எழுதி வைத்திருந்த மனிதர் அவர். அந்தப் பலகையைக் கண்டு மயங்கிய படக்குழுவினர், பண்ணையைப் பேசிமுடித்ததோடு தங்கள் வில்லனுக்கும் அவர் பெயரையே சூட்டிவிட்டனர். முதலைகளின் கால்கள் நீருக்கடியில் கட்டப்பட்டிருந்தன. தலையும் வாலும் கட்டப்படவில்லை. ரோஜர் மூருக்குப் பதிலாக ஓடியவர் கனாங்காவே. தவறித் தவறி விழுந்து ஐந்தாம் முறைதான் கரை சேர்ந்தார்; இடையே ஒரு முதலை அவர் செருப்பைக் கவ்விற்று. சில நொடிகளே ஓடும் காட்சி இது. இதில் உண்ணப்பட்டதும் இல்லை, மீண்டதும் இல்லை, ஆயினும் மறக்கப்படவில்லை. நம் கருத்துக்கு இதை விலக்காகவே கொள்ளலாம். உயிரைப் பணயம் வைத்து ஒரு மனிதன் உண்மையாகவே ஓடினான் என்பதை எந்தக் கண்ணும் உணர்ந்துகொள்ளும்.

பத்தாண்டு கழித்து, 1983-இல், உதயப்பூர் ஏரியில் எடுத்த 'ஆக்டோபசி' படத்திலும் பாண்டுக்கு ஒரு முதலை வாய்க்கின்றது. ஏரியில் ஒரு முதலை மிதந்து வருகின்றது, வாய் திறக்கின்றது, உள்ளே பாண்ட் படுத்திருக்கின்றார்! முதலை உருவில் செய்த படகு அது. எடுத்தவர்களுக்கு அவிநாசி தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் முதலை வாயிலிருந்து ஆள் முழுதாக வெளிவரும் காட்சியைக் கண்ட தமிழனுக்குச் சிரிப்போடு வேறொன்றும் நினைவுக்கு வந்திருக்கும். அடுத்த ஆண்டு வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆப் டூம்' படத்தின் தொங்குபாலம் இலங்கையில் கண்டிக்கு அருகே அமைக்கப்பட்டது. அதன் கீழே முதலைகள் வாய் திறந்து காத்திருப்பது நம்மவர் பலருக்கும் தெரிந்த காட்சியே. பாலமும் வீரனும் நினைவில் நிற்கின்றன. முதலைகள் அங்கே வெறும் பல்.

காலத்தை முதலையின் வயிற்றில் வைத்தவர் மேல்நாட்டிலும் ஒருவர் உண்டு. ஜே. எம். பேரி என்னும் ஸ்காட்லாந்து நாட்டு ஆசிரியரின் 'பீட்டர் பான்' நாடகம் 1904-இல் லண்டனில் அரங்கேறியது. டிஸ்னியின் சித்திரப்படம் 1953-இல் வந்தது. கப்பல் தலைவன் ஹூக்கின் கையைத் தின்ற முதலை, அந்தச் சுவையை மறவாமல் அவனையே தொடர்கின்றது. அது ஒரு கடிகாரத்தையும் விழுங்கியிருக்கின்றது. 'டிக் டிக்' என்ற ஒலி கேட்டால் ஹூக் நடுங்குகின்றான். வளரவே மாட்டேன் என்னும் சிறுவன் ஒரு பக்கம், வயது ஏறி அச்சத்தோடு வாழும் முதியவன் ஒரு பக்கம், இருவருக்கும் இடையே காலத்தை வயிற்றில் சுமந்து நீந்தும் முதலை. 1991-இல் வந்த 'ஹூக்' படத்தில் அம்முதலை பாடம் செய்யப்பட்டுக் கடிகாரக் கோபுரமாக நிற்கின்றது. முடிவில் அதுவே சாய்ந்து அவனை விழுங்குகின்றது. டிஸ்னியின் 'பேண்டேசியா'விலும் (1940) நீர்யானைகளோடு முதலைகள் நடனமாடும் பகுதி உண்டு. அந்த இசையின் பெயர் 'நாழிகைகளின் நடனம்' என்பது. இரவுப் பொழுதுக்கு உரியவை முதலைகள். இதனைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். இத்தனை இடங்களில் ஒரே தற்செயல் நேர்வது எனக்கு வியப்பாகவே இருக்கின்றது.

காலனை ஏவி முதலை வயிற்றிலிருந்து பிள்ளையைப் பெற்ற சுந்தரருக்கும், கடிகாரத்தை உள்ளே வைத்த பேரிக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. தமிழில் காலம், காலன் என இரு சொற்களும் ஒட்டி நிற்பது நமக்கு வாய்ப்பாகின்றது. மெல்ல அசைந்து, அசைவதே தெரியாமல் நெருங்கி, ஒருநாள் கவ்வும் விலங்கு இது. அதனைக் கண்ட எந்நாட்டாருக்கும் காலத்தின் நினைவு வருவது இயல்புதானே?

இந்திப் படங்களுள் 'கூன் பரி மாங்' முதலைக் காட்சிக்காகவே இன்றும் பேசப்படுகின்றது. ராகேஷ் ரோஷன் இயக்கத்தில் 1988-இல் வெளிவந்தது. முகத்தில் வடுவுடைய செல்வக் கைம்பெண்ணாக ரேகா. அவளைச் சொத்துக்காக மறுமணம் புரிபவனாகக் கபீர் பேடி. மணமான சில நாட்களில் அவளை ஏரியில் முதலைக்குத் தள்ளிவிடுகின்றான். அவள் சிதைந்த முகத்தோடு கரை ஒதுங்குகின்றாள். ஒரு முதியவர் காப்பாற்றுகின்றார். அறுவை மருத்துவத்தால் புதுமுகம் பெற்று, கணவன் முன்னேயே வேற்றுப் பெண்ணாக வந்து நிற்கின்றாள். இது ஆஸ்திரேலியாவில் 1983-இல் ஒளிபரப்பான 'ரிட்டர்ன் டு ஈடன்' என்னும் தொலைக்காட்சித் தொடரைத் தழுவியது. தழுவல் என்று சொல்லி விமர்சகர்கள் கதையை முடித்துவிட்டனர். ஆஸ்திரேலியக் கதையை இந்தியப் பெண்கள் ஏன் தம் கதையாக ஏற்றுக்கொண்டார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. முதலை வாய்க்குள் போனவள் பழைய முகத்தோடு வரவில்லை. அவளுக்கு மறுக்கப்பட்ட இளமையையும் துணிவையும் பெற்று வந்தாள். எதிர்வீட்டில் மேளம் ஒலிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அவள் நாளும் வந்தது.

ஆஸ்திரேலியரின் 'குரோகடைல் டண்டி'யும் (1986) இந்த வகையே. முதலை கடித்துக் காலில் பாதியை இழந்த காட்டுவாசி ஒருவன், நூற்றுக்கணக்கான மைல் ஊர்ந்து ஊர் வந்து சேர்ந்தான் என்ற செய்தியை நம்பி நியூயார்க் பத்திரிகைப் பெண் வருகின்றாள். வந்து பார்த்தால் கால் முழுதாக இருக்கின்றது. ஒரு தழும்புதான் மிச்சம். புராணத்தைக் கேட்டுப் புறப்பட்டவள் மனிதனைக் கண்டடைகின்றாள். அமெரிக்கரின் 'அலிகேட்டர்' (1980) இதைத் தலைகீழாக்கிற்று. சிறுமி வளர்க்க வாங்கிவந்த முதலைக் குஞ்சைத் தகப்பன் கழிவறையில் போட்டு நீரைத் திறந்துவிடுகின்றான். ஆண்டுகள் கழித்து அது பூதாகாரமாக வளர்ந்து சாக்கடையைப் பிளந்துகொண்டு வருகின்றது. இங்கே விழுங்கியது நகரம், விழுங்கப்பட்டது முதலை! அதுவும் காலத்தால் வளர்ந்தே வருகின்றது. படம் மலிவானது என்றாலும் கற்பனை மலிவானது அன்று.

'லேக் பிளாசிட்' (1999), 'ரோக்' (2007), 'கிரால்' (2019) முதலிய படங்களை இவ்வரிசையில் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கணினி வரைந்த முதலைக்கு இப்போது நீரும் வேண்டாம், கட்டுக்கயிறும் வேண்டாம்; சொன்னபடி பாய்கின்றது. அச்சமூட்டுவதில் அவை திறமையானவையே. ஆனால் அவற்றில் முதலை வாய்க்குப் போனவரைத் தேடி அழ எதிர்வீட்டில் யாரும் இல்லை.

உண்மை வாழ்வில் அழுவோர் உண்டு. இந்நாட்டு ஆறுகளில் அக்கதை முடிந்துபோனதும் அன்று. சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்த ஸ்கீட் என்பவர் குவாலா லங்காட் பகுதியில் மலாய் மக்களிடம் கேட்டறிந்து 1900-இல் வெளியிட்ட நூலில், மந்திரம் சொல்லி முதலையை அழைத்துப் பிடிக்கும் பாவாங்குகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றார். அமைதியான நீர் என்றால் முதலை இல்லை என்று எண்ணாதே என்னும் மலாய்ப் பழமொழி இன்று ஆட்களைப் பற்றிச் சொல்லப்படுகின்றது, பிறந்தது ஆற்றங்கரையில்தான். சரவாக்கின் பாத்தாங் லுப்பார் ஆற்றில் பலரைக் கொன்ற 'புஜாங் செனாங்' என்னும் வெண்கோட்டு முதலை 1992 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டது. நீளம் 19 அடி. அதன் மண்டையோடு கூச்சிங் அருகே உள்ள முதலைப் பண்ணையில் வைக்கப்பட்டிருக்கின்றது. ஆளைக் கொன்ற முதலை பிடிபட்டால் அதன் வயிற்றைக் கீறிப் பார்ப்பது சரவாக்கில் வழக்கம். ஒரு மோதிரம், ஒரு துணி, அடக்கம் செய்ய ஓர் எலும்பு கிடைத்தாலும் குடும்பத்தாருக்கு ஆறுதல். அவிநாசிப் பெற்றோர் கேளாமற் கேட்டதையே இவர்களும் கேட்கின்றனர். கிடைப்பது மட்டும் வேறு.

மறுபுறம், தோலுக்காக மனிதன் முதலையை விழுங்கிய கணக்கு இதனினும் பெரிது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கைப்பைக்கும் காலணிக்கும் உரிக்கப்பட்டு, இந்தியாவிலும் மலேசியாவிலும் பல ஆறுகளில் அவை அற்றுப்போகும் நிலைக்கு வந்தன. இந்தியா 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, 1975-இல் முதலைக் காப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் 1976-இல் முதலைப் பண்ணையை நிறுவி முட்டை பொரிக்க வைத்தனர். இங்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலைக்கும் காவலாயிற்று. சரவாக்கில் அவற்றின் தொகை மீண்டும் பெருகியதால், 2016-இல் உலக நாடுகளின் ஒப்பந்தத்தில் மலேசிய முதலைக்கான கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு, சரவாக்கில் மட்டும் அளவோடு பிடிக்க இடம் தரப்பட்டது. கிள்ளான் ஆற்றில் முதலை தலை காட்டியது என்ற செய்தியும் அவ்வப்போது வருகின்றது. போனது மீண்டும் வருகின்றது; ஆற்றங்கரையில் வாழ்வோருக்கு இது முழு மகிழ்ச்சி தரும் மீட்சி அன்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

விட்டேக்கர் பங்குகொண்டு உருவாக்கிய சிறுவர் படம் ஒன்று உண்டு. அதன் பெயரைத் தமிழிற் சொன்னால் 'சிறுவனும் முதலையும்' என்பதாகும். அப்பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வரும் அவிநாசியில், மடு இருந்த இடம் என்று இன்று காட்டப்படும் தாமரைக் குளத்தில் முதலை இல்லை; விழா நாளில் மண்ணால் முதலை செய்கின்றனர். 2009-இல் அமைந்த திருப்பூர் மாவட்டத்துக்குள்தான் அவிநாசியும் இருக்கின்றது, உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணையும் இருக்கின்றது. அணை நீரில் நன்னீர் முதலைகள் இன்றும் தாமாகவே வாழ்கின்றன. அணையருகே 1970-களில் வனத்துறை அமைத்த பண்ணையில், பள்ளிப் பிள்ளைகள் வேலிக்கு இப்பால் நின்று அவை வாய் திறந்து வெயில் காய்வதைப் பார்க்கின்றனர்.